பதினைந்து பேர் எழுந்து நிற்க வேண்டும்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மலேசிய நாடாளுமன்றத்தைப் பற்றியவை. கட்சிக் கட்டுப்பாடு, கூட்ட விதிகள், வாக்கெடுப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, மக்களவையில் சில நாள் ஒவ்வொருவர் ஓட்டையும் எண்ணுகிறார்கள். சில நாள் ‘செத்துஜு’ (சம்மதம்) என்று கத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எதை எண்ணுவது என்று யார் முடிவு செய்கிறார்?
– எல்பில் தோட்டம்

பதில்: உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள்தான். முதலில் எப்போதும் குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் ஒருமுறை, எதிர்ப்பவர்கள் ஒருமுறை குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்பதைச் சபாநாயகர் காதால் கேட்டே அறிவிப்பார். அதை ஏற்காதவர்கள் அந்த நொடியிலேயே எழுந்து நிற்க வேண்டும். கூட்ட விதி 46(4)-இன்படி 15 பேராவது நின்றால் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடக்கும். மலாயில் அதைப் ‘பெலா பாகியான்’ என்பார்கள். மணி ஒலிக்கும், வெளியே இருப்பவர்கள் ஓடி வருவார்கள். அவையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணுவதற்கு நியமிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு இருக்கையாகப் போய் ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று குறிப்பார்கள். 14 பேர் நின்றால் இதில் எதுவும் நடக்காது. சபாநாயகரின் காதே இறுதித் தீர்ப்பு.

இந்த 15 எத்தனை பெரிய எண் என்பது 2020 நவம்பர் 26-ஆம் தேதி தெரிந்தது. அன்று 2021-க்கான வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவிலான வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போதைய பிரதமர் முஹிடின் யாசினுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்று நாடே சந்தேகித்த நேரம் அது. எதிரணியில் நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தும் எழுந்து நின்றவர்கள் 13 பேர்தான். செயற்குழுக் கட்டத்தில் திருத்தம் கேட்கலாம், இப்போது நிற்க வேண்டாம் என்று எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் சொல்லியிருந்தார். இரண்டு பேர் குறைந்ததால் எண்ணிக்கை நடக்கவில்லை. டிசம்பர் 15-ஆம் தேதி மூன்றாவது வாசிப்பில்தான் தலைகள் எண்ணப்பட்டன: ஆதரவு 111, எதிர்ப்பு 108.

எழுந்து நிற்காமல் போனதில் இன்னொரு விளைவும் உண்டு. குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் கத்தினார் என்பதற்குப் பதிவே கிடையாது. உங்கள் தொகுதி உறுப்பினரை அடுத்த தேர்தலில் மடக்கிக் கேட்க உங்கள் கையில் எந்தக் காகிதமும் இருக்காது. எந்தக் கட்சியாக இருந்தாலும், தன் ஆட்களில் சிலர் முரண்டு பிடிப்பார்கள் என்று தெரிந்தால் குரல் வாக்கெடுப்பையே விரும்பும். வீட்டுச் சண்டை தெருவுக்கு வராமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கேள்வி: 222 பேரில் 112 பேர் இருந்தால்தான் எந்தச் சட்டமும் நிறைவேறும் என்கிறாரே எங்கள் கிளைத் தலைவர், சரியா?
– சாலாக் உத்தாரா

பதில்: சரியில்லை. சாதாரண மசோதாவுக்கு அன்று வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை தலைமை தாங்குபவரைத் தவிர்த்து 26 பேர். கணக்குப்படி பார்த்தால் அந்த 26 பேரில் 14 பேர் கையில் ஒரு மசோதா நிறைவேறிவிடலாம். 26-க்குக் கீழே போய்விட்டது என்று யாராவது சுட்டிக்காட்டினால் இரண்டு நிமிடம் மணி அடிப்பார்கள். அப்போதும் ஆள் சேராவிட்டால் அவை ஒத்திவைக்கப்படும். மாலை நேரத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து “கோரம் இல்லை” என்று சொன்னதும் உணவுக்கூடத்திலிருந்து ஆளுங்கட்சிக்காரர்கள் ஓடி வருவது இதற்காகத்தான்.

112 என்பது பிரதமருக்கு உள்ள எண். மொத்த அவையில் பாதிக்கு மேல் தன் பின்னால் இருக்கிறார்கள் என்பதற்கான அளவுகோல். அதைக்கூட எல்லா நேரமும் எட்டியதில்லை. மேலே சொன்ன 111, சரியாக 222-இல் பாதி. எதிரணி 108-இல் நின்றதால்தான் அந்த அரசாங்கம் தப்பித்தது.

அரசியலமைப்பைத் திருத்தும்போதுதான் கணக்கு மாறுகிறது. 159-ஆவது பிரிவு இரண்டாவது வாசிப்பிலும் மூன்றாவது வாசிப்பிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. அதாவது 148. வராதவர்களும் எதிர்த்து வாக்களித்தவர்கள் மாதிரிதான். அவர்கள் எண்ணிக்கை 148-ஐக் குறைத்துத் தராது.

கேள்வி: நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்துவிட்டோம் என்று எதிர்க்கட்சி அறிக்கை விடுகிறது. பிறகு அது விவாதத்துக்கே வருவதில்லை. சபாநாயகர் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறாரா?
– லிந்தாங்

பதில்: பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. வரிசையில் கடைசியில் நிற்க வைத்தால் போதும்.

நடப்பைப் படிப்படியாகப் பாருங்கள். தனி உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவர 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சபாநாயகர் ஏற்றுக்கொண்டால் அது அன்றைய அலுவல் பட்டியலில் ஏறும். ஆனால் கூட்ட விதிகளின்படி அரசாங்க அலுவல்களுக்கே முன்னுரிமை. அவை முடிந்தால்தான் மற்றவை. அவை ஒருபோதும் முடிவதில்லை. கூட்டத் தொடரின் கடைசி நாளன்று பட்டியலின் அடியில் தனி உறுப்பினர்களின் தீர்மானங்கள் வரிசையாகப் படுத்துக் கிடப்பதை நாடாளுமன்ற இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

2020 மே மாதம் முன்னாள் பிரதமர் மகாதீர், முஹிடின்மீது கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டார். ஆனால் மே 18-ஆம் தேதிக் கூட்டம் ஒரே நாள், அதுவும் மாமன்னரின் உரைக்கு மட்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அரச உரை முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது.

இந்த வரிசையை மாற்ற ஒரே வழி, அமைச்சர் ஒருவர் எழுந்து “அதை முன்னால் கொண்டு வருகிறோம்” என்று தீர்மானம் கொண்டுவருவது. 2016 மே 26-ஆம் தேதி மாராங் உறுப்பினர் ஹாடி அவாங்கின் தனி மசோதாவுக்கு அப்படி வழிவிட்டவர் அமைச்சர் அஸாலினா. எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் மசோதாவுக்கு அரசாங்கமே பாதை விரித்தபோது அப்போதைய ஆளுங்கூட்டணிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்ததற்குக் காரணம், பட்டியலின் வரிசையே ஓர் அரசியல் முடிவு என்பதை எல்லாரும் அறிந்திருந்ததுதான்.

அரசாங்கத்தின் சம்மதம் இல்லாமல் பட்டியலைப் பறித்த கதையும் உண்டு, பிரிட்டனில். நம் விதிகளுக்கு அதுதான் தாய்வீடு. 2019 செப்டம்பர் 3-ஆம் தேதி மறுநாள் அலுவல் நேரத்தைச் சாதாரண உறுப்பினர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளும் தீர்மானம் 328–301 என்று நிறைவேறியது. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த 21 பேர் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். அன்றிரவே கட்சி அவர்களைத் தன் அணியிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவர்களில் சர்ச்சிலின் பேரனும் ஒருவர். ஒரு மசோதாவை எதிர்த்து வாக்களித்தவரைக் கட்சி மன்னிக்கலாம். அலுவல் பட்டியலை எதிரிக்குக் கொடுத்தவரை மன்னிக்காது. ஒரு மசோதா போனால் ஒன்றுதான் போகும். பட்டியல் போனால் எல்லாம் போகும்.

அவசரப் பொது முக்கியத்துவம் என்று கூட்ட விதி 18-இன் கீழ் 24 மணி நேர முன்னறிவிப்போடு ஒரு பொருளை எழுப்பலாமே என்று கேட்பீர்கள். எழுப்பலாம். அது குறிப்பிட்டது, அவசரமானது, பொது முக்கியத்துவம் உள்ளது என்ற மூன்று படிகளையும் சபாநாயகர் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘அவசரம் இல்லை’ என்ற படியில்தான் பெரும்பாலானவை வழுக்கி விழுகின்றன.

கேள்வி: அப்படியானால் விதிகளையே மாற்றிவிட வேண்டியதுதானே? அதற்கும் 148 வேண்டுமா?
– ஜாலோங்

பதில்: வேண்டாம். அரசியலமைப்பின் 62-ஆவது பிரிவு ஒவ்வோர் அவையும் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும். சபாநாயகர் தலைமையிலான கூட்ட விதிக் குழு பரிந்துரைக்கும், அவை ஏற்கும். அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டவற்றை மட்டும் இந்த வழியில் தொட முடியாது.

ஆனால் அன்றாட நடப்பில் விதியைத் திருத்துவதைவிட விதியை ஒருநாளைக்கு ஒதுக்கிவைப்பதே அதிகம். அமைச்சர் எழுந்து, கூட்டம் இன்ன மணிக்கு முடிய வேண்டும் என்ற விதி இன்று பொருந்தாது, இன்ன மசோதா முடியும்வரை நடக்கட்டும் என்று தீர்மானம் கொண்டுவருவார். குரல் வாக்கெடுப்பில் அது ஒரு நிமிடத்தில் நிறைவேறும். விதிப்புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் விவாதம் நள்ளிரவுக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் எத்தனை பத்திரிகையாளர் விழித்திருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்கச் செய்தி பார்த்துவிட்டு ‘ஃபிலிபஸ்டர்’ என்றால் என்ன, அதை ஏன் எடுக்க முடியவில்லை என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– சுங்கை சிப்புட் நகரம்

பதில்: அமெரிக்க செனட்டில் 100 பேர். சாதாரணச் சட்டத்துக்கு 51 போதும். ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் சம்மதிக்க வேண்டும். அந்த 60 கிடைக்காமல் விவாதத்தை முடிவில்லாமல் இழுத்து மசோதாவைச் சாகடிப்பதுதான் ஃபிலிபஸ்டர். விதியின் வாசகத்தை முறைப்படி மாற்றுவதென்றால், அந்த விவாதத்தை முடிக்க 60 கூடப் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஆகவே அவர்கள் வாசகத்தைத் தொடவில்லை. 2013 நவம்பர் 21-ஆம் தேதி பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், ‘இந்த வகை நியமனங்களுக்கு (அமைச்சர்கள், கீழ்நிலை நீதிபதிகள் போன்ற அதிபரின் நியமனங்கள்) 60 தேவையில்லை’ என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். தலைமை தாங்கியவர் விதிப்படி 60 வேண்டும் என்றார். அந்தத் தீர்ப்பை அவை 52–48 என்று தள்ளுபடி செய்தது. அதுவே புதிய முன்னுதாரணம் ஆகிவிட்டது. புத்தகத்தில் 60 என்றே இருக்கிறது, நடப்பில் 51. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மட்டும் அன்று விட்டுவைத்தார்கள். 2017 ஏப்ரல் 6-ஆம் தேதி குடியரசுக் கட்சி அதே கருவியை எடுத்து அதையும் முடித்துவிட்டது.

வாக்குரிமை மசோதா ஒன்றுக்கு மட்டும் அந்த 60-ஐத் தாண்டிப் போக ஜனநாயகக் கட்சி 2022 ஜனவரி 19-ஆம் தேதி முயன்றது. அப்போது செனட்டில் 50–50, சமநிலையை உடைக்கத் துணை அதிபர் இருந்தார். ஒருவர்கூட நழுவ முடியாத நிலை. ஜோ மேஞ்சின், கிர்ஸ்டன் சினெமா என்று இருவர் நழுவினார்கள். அந்த இருவரும் எந்த மசோதாவுக்காக விதியை மாற்றப் பார்த்தார்களோ அதை ஆதரித்தவர்கள்தான். விதியை மாற்ற மட்டும் மறுத்தார்கள். மகனுக்கு இதைச் சொல்லுங்கள்: கட்சி ஒற்றுமை என்பது ஒரே கேள்விக்கான பதில் இல்லை. ‘சட்டம் வேண்டுமா’ என்பதற்கு 50 பேரும் ஆம் என்றார்கள். ‘விதியை உடைக்கலாமா’ என்பதற்கு 48 பேர்தான்.

கேள்வி: கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டால் நம் நாட்டில் பதவி போகுமா? கட்சித் தாவல் தடைச் சட்டம் அதற்குத்தானே?
– ஹீவுட் தோட்டம்

பதில்: இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு யாரும் படிக்கவில்லை என்று தோன்றுகிறது, உறுப்பினர்களில் சிலர் உட்பட.

மக்களவை 2022 ஜூலை 28-ஆம் தேதி 209 பேர் ஆதரவோடு, ஒருவர்கூட எதிர்க்காமல் இதை நிறைவேற்றியது. அக்டோபர் 5-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அரசியலமைப்பில் 49ஏ என்ற பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. அதன்படி பதவி போவது இப்படித்தான்: ஒரு கட்சியின் உறுப்பினராக வென்றவர் அக்கட்சியிலிருந்து விலகினால் அல்லது உறுப்பினராக இல்லாமல் போனால், சுயேச்சையாக வென்றவர் கட்சியில் சேர்ந்தால். கட்சியின் பதிவு ரத்தானால் போகாது. சபாநாயகர் பதவிக்காக விலகினால் போகாது. கட்சியே நீக்கினாலும் போகாது.

கடைசி விலக்கைத் திரும்பப் படியுங்கள். முரண்டு பிடிக்கும் உறுப்பினரைக் கட்சி கோபத்தில் நீக்கினால் அவர் இருக்கையோடு சுதந்திரமாகப் போய்விடுவார். கட்சிக் கட்டளையை மீறி வாக்களிப்பதைப் பற்றி 49ஏ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்தியா வேறு. அங்கே 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் தகுதிநீக்கம் வரலாம். அவைக்கு வெளியே செய்ததற்கும் வரலாம். 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 சட்டமன்ற உறுப்பினர்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தது ஆளுநரிடம் கொடுத்த கடிதத்துக்காக. நம் மக்களில் பலர் தமிழ்நாட்டுச் செய்தியைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுக் கட்சிகள் இந்த ஓட்டையைத் தங்கள் சொந்தச் சட்டவிதிகளால் அடைக்கப் பார்க்கின்றன. ‘நீக்கு’ என்றால் இருக்கை தப்பிக்கும், ஆகவே ‘கட்டளையை மீறியவர் தானாகவே உறுப்பினர் தகுதியை இழக்கிறார்’ என்று எழுதிவிட்டால் 49ஏ-க்குள் விழுவார் என்பது கணக்கு. ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) 2022-இல் இப்படித் திருத்தியது. முஹிடினின் எதிரணிக் கட்சியான பெர்சத்து 2024-இல் செய்தது. அதற்குள் அக்கட்சியின் ஆறு மக்களவை உறுப்பினர்கள் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு நடந்தது சட்டக்கல்லூரியில் வைத்துப் பாடம் நடத்தும் அளவுக்குச் சுவையானது. உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் தெரிவித்தால் 21 நாளுக்குள் இருக்கை காலியா என்று சபாநாயகர் உறுதி செய்ய வேண்டும். காலி என்றால் தேர்தல் ஆணையம் 60 நாளுக்குள் இடைத்தேர்தல் நடத்தும். அந்த ஆறு பேரின் இருக்கைகள் காலியாகவில்லை என்று மக்களவைச் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் 2024 ஜூலையில் முடிவு செய்தார். அந்த ஆறு பேரில் குவா முசாங் உறுப்பினர் அஸிஸி அபு நாயிம் கிளந்தானில் நெங்கிரி சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினரும்கூட. கிளந்தான் சபாநாயகர் அந்த இருக்கை காலி என்றார். ஆகஸ்ட் 17-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்து தேசிய முன்னணி வென்றது. ஒரே ஆள், ஒரே கட்சி, ஒரே செயல். ஓர் அவையில் இருக்கை இருக்கிறது, இன்னோர் அவையில் இல்லை. இரண்டு சபாநாயகர்கள் இருந்தால் இரண்டு தீர்ப்புகள் வரும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. சட்டத்தை எழுதியவர்கள் முடிவெடுக்கும் வேலையை அரசியல்வாதிகள் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம் விட்டது அதன் பலவீனமான மூட்டு என்பது எங்கள் கருத்து.

2022 டிசம்பர் 16-ஆம் தேதி அன்வார் தலைமையிலான ஒற்றுமை அரசாங்கக் கட்சிகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம்பிக்கைத் தீர்மானம், வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றோடு அரசாங்கத்தின் தகுதியைப் பாதிக்கும் நடைமுறைத் தீர்மானங்களிலும் பிரதமரை ஆதரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ‘நடைமுறை’ என்ற அந்தச் சொல் அங்கே தற்செயலாக வரவில்லை. அலுவல் பட்டியலையும் சபாநாயகர் நாற்காலியையும் காக்காமல் அரசாங்கத்தைக் காக்க முடியாது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: செனட்டர்களுக்கும் கட்சித் தாவல் சட்டம் பொருந்துமா?
– கமுனிங்

பதில்: பொருந்தாது. 49ஏ மக்களவை உறுப்பினர்களுக்கு மட்டும். மேலவையின் 70 பேரில் யாரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை, இடைத்தேர்தலும் இல்லை.

கேள்வி: 2009-இல் நம் பேரா சட்டமன்றத்தில் சபாநாயகர் சிவகுமாரை இழுத்து வெளியேற்றினார்களே. அது சட்டப்படி சரிதானா? பழைய கதையானாலும் எங்கள் தாத்தாவும் அப்பாவும் இன்னும் சண்டை போடுகிறார்கள்.
– சுங்கை சிப்புட்

பதில்: இருவருக்கும் பாதி பாதி நியாயம் இருக்கும்.

59 இருக்கைகளில் ஆட்சியில் இருந்த மக்கள் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. 2009 பிப்ரவரியில் பெராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் உறுப்பினர்கள் மூவர் கூட்டணியை விட்டு விலகி தேசிய முன்னணியை ஆதரித்தார்கள். 31 இருந்தது 28 ஆனது. அவர்கள் முன்பே தேதியில்லாமல் கையெழுத்திட்ட ராஜினாமாக் கடிதங்களைக் காட்டிச் சபாநாயகர் வி. சிவகுமார் இருக்கைகள் காலி என்றார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் கிளந்தானின் முயற்சியை உச்ச நீதிமன்றம் 1992-இல் நோர்டின் சாலே வழக்கில், சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று தள்ளியிருந்தது. ஆகவே அன்றைக்குக் கட்சிகளிடம் இருந்த ஒரே கயிறு அந்தத் தேதியில்லாக் கடிதம்தான். அது அறுந்துபோனது.

அடுத்து சிவகுமார் தேசிய முன்னணியின் புதிய மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஸம்ரியை 18 மாதமும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆறு பேரை 12 மாதமும் இடைநீக்கம் செய்தார். அவர்கள் போனால் எண்ணிக்கை மறுபடி திரும்பும் அல்லவா? கூட்டரசு நீதிமன்றம் அந்த இடைநீக்கம் செல்லாது என்றது. இடையில் மார்ச் 3-ஆம் தேதி மண்டபத்துக்குள் போக முடியாமல் மரத்தடியில் ஒரு கூட்டம் நடந்ததை ஈப்போவில் எல்லாரும் அறிவார்கள்.

மே 7-ஆம் தேதி நடந்ததுதான் உங்கள் கேள்வி. புதிய அணி ம.இ.கா.வைச் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சேர்ந்த ஆர். கணேசனைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. சிவகுமார் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். காவலர்கள் அவரை இழுத்து வெளியேற்றினார்கள். சபாநாயகரை நீக்க அவைக்கு எப்போதும் அதிகாரம் உண்டு. அதை எந்த வரிசையில், யார் தலைமையில், என்ன முன்னறிவிப்போடு செய்வது என்பதில்தான் சண்டை. ஒழுங்கு இல்லாமல் நாற்காலியைப் பிடித்தவர் வென்றார் என்று உங்கள் அப்பா சொன்னால் அதில் தவறில்லை. பெரும்பான்மை யாரிடம் இருந்ததோ அவர்தான் வென்றார் என்று தாத்தா சொன்னால் அதிலும் தவறில்லை. 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், மந்திரி பெசார் நம்பிக்கையை இழந்தாரா என்பதை அவையில் வாக்கெடுப்பு நடத்தாமலும் அறியலாம் என்றது. 1966-இல் சரவாக்கின் நிங்கான் வழக்கில் வந்த தீர்ப்பு அதற்கு நேர்மாறு.

சபாநாயகரை ஒழுங்காகவே நீக்கிய உதாரணம் வேண்டுமானால் 2020 ஜூலை 13. முகமட் ஆரிஃபை நீக்கும் தீர்மானம் 111–109. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 2023 அக்டோபர் 3-ஆம் தேதி கெவின் மெக்கார்த்தியை 216–210 என்று இறக்கியபோது அவருடைய கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் போதுமானதாக இருந்தார்கள். ஒரே ஓர் உறுப்பினர் நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்ற விதியை அவரே பதவி பெறுவதற்காக ஒப்புக்கொண்டிருந்தார்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆலய நிர்வாகத்தில் தலைவர் பதவியை இரண்டு தவணைக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி முடித்துவிடலாமா?
– எல்பில் சாலை

பதில்: கை தூக்கலாம், ஆனால் அத்தோடு முடியாது. ஆலயம் சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்யப்பட்டிருந்தால் 1966 சங்கச் சட்டம் உங்களையும் அரசியல் கட்சிகளையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறது. பெர்சத்துவின் திருத்தமும் அதே மேசைக்குத்தான் போனது.

முதலில் உங்கள் சங்கத்தின் சட்டவிதி நகலை எடுங்கள். செயலாளர் வீட்டு அலமாரியில் இருப்பது பழைய நகலாக இருக்கலாம், பதிவிலாகா முத்திரையிட்டதைப் பாருங்கள். திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பங்கு வாக்கு என்பது அதில் இருக்கும். அழைப்புக் கடிதத்தில் ‘சட்டவிதித் திருத்தம்’ என்று மட்டும் போடாதீர்கள். பழைய வாசகம், புதிய வாசகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து “இரண்டு தவணையா, தொடர்ந்து இரண்டு தவணையா” என்று கேட்பார். ‘தொடர்ந்து’ என்ற ஒரு சொல்லால் பழைய தலைவர் ஒரு தவணை இடைவெளி விட்டுத் திரும்பி வருவார். இப்போதுள்ள தலைவரின் கடந்த ஆண்டுகள் கணக்கில் வருமா வராதா என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் தகராறு அதில்தான்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. பதிவிலாகாவின் மாதிரிச் சட்டவிதியைப் பயன்படுத்தும் சங்கங்களில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பாதி அல்லது நிர்வாகக் குழு எண்ணிக்கையின் இருமடங்கு, எது குறைவோ அது வேண்டும். குழுவில் 13 பேர் என்றால் 26 பேர். (நாடாளுமன்றத்தின் 26-ஓடு ஒத்துப்போவது தற்செயல்.) குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரத்தில் ஆள் சேராவிட்டால் 30 நாளுக்குள் வேறு தேதிக்குத் தள்ளிவைக்க வேண்டும். இரண்டாவது தடவையும் சேராவிட்டால் வந்தவர்களை வைத்துக் கூட்டத்தை நடத்தலாம். கணக்கு ஏற்கலாம், தேர்தல் நடத்தலாம். ஆனால் சட்டவிதியைத் திருத்த மட்டும் அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் இல்லை. பல ஆலயங்களின் திருத்தம் திரும்பி வருவது இந்த இடத்தில்தான். ‘இரண்டாவது கூட்டம், எத்தனை பேரானாலும் செல்லும்’ என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள்.

எண்ணும்போது ‘பெரும்பாலோர் ஆதரித்தனர்’ என்று கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம். ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை, நடுநிலை இத்தனை என்று எழுதி, வருகைப் பதிவேட்டின் மொத்தத்தோடு ஒத்துப் பாருங்கள். எண்ணுவதற்கு இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரை நிறுத்துங்கள். இளைஞர்கள் தரப்பில் முன்கூட்டியே வாக்குகளைக் கணக்கிட்டு வைத்திருப்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அன்று காலை யார் வீட்டில் கல்யாணம், யார் ஷிப்ட் வேலை என்று தெரியாமல் கூட்டத்துக்குப் போகிறவர்கள்தான் இரண்டு வாக்கில் தோற்றுவிட்டு அநியாயம் என்கிறார்கள்.

நிறைவேறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் ‘இரோசெஸ்’ இணையத்தளம் வழியாகப் பதிவிலாகாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூட்டக் குறிப்பு, அழைப்புக் கடிதம், திருத்தப் பட்டியல் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஆண்டறிக்கைக்கும் அதே 60 நாள்தான், இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடுங்கள். பதிவிலாகா ஒப்புதல் தரும்வரை பழைய விதிதான் நடப்பில் இருக்கும். அதற்குள் தேர்தல் வந்தால் இப்போதைய தலைவர் மறுபடி போட்டியிடலாம், யாரும் தடுக்க முடியாது.